உஷார்! டிசம்பரில் குழந்தைகளோடு லாப்லாந்து கிளம்புகிறீர்களா?

"மாமா, கால் இல்ல."

என் தங்கை மகள் இதைச் சொன்னபோது அவளுக்கு ஐந்து வயது. பின்லாந்தின் வடக்கே, லாப்லாந்தின் ரோவனியெமி ஊரை ஒட்டிய காடு. பகல் ஒரு மணிதான் ஆகியிருந்தது. அதற்குள் வெளிச்சம் சாய ஆரம்பித்துவிட்டது. மைனஸ் 27 டிகிரி. ஹஸ்கி நாய்கள் இழுத்த வண்டியில் அவள் அரை மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கவில்லை. வலிக்கிறது என்று அழவில்லை, குளிர்கிறது என்றும் சொல்லவில்லை. பென்சில் தொலைந்துவிட்டது என்று சொல்கிற குரலில், கால் இல்லை என்றாள்.

நான் மொழிபெயர்த்துச் சொன்ன அடுத்த நொடி, வழிகாட்டியாக வந்த பெண் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த மரக்குடிலுக்கு ஓடினார். உள்ளே நடுவில் தீ எரிந்துகொண்டிருந்தது. என் அம்மா பேத்தியைத் தீப்பக்கம் இழுத்தார். அந்தப் பெண் விடவில்லை. சுவரோரப் பலகையில் உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றினார். ஒரு சாக்ஸ், அதற்குள் இன்னொரு சாக்ஸ், இரண்டும் ஈரம். மாநிறப் பிள்ளை, இடது கால் விரல் நுனிகள் மட்டும் மெழுகுபோல் வெளுத்திருந்தன. அம்மா கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்துத் தேய்க்கப் போனார். அந்தப் பெண் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு தன் ஸ்வெட்டரைத் தூக்கி, குழந்தையின் இரண்டு பாதங்களையும் தன் வெறும் வயிற்றில் ஒட்டவைத்து, மேலே துணியைப் போர்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. அதன் பிறகு பிள்ளை வீறிட்டு அழுதாள். "அழட்டும், வலி வந்தால் உயிர் வருகிறது என்று அர்த்தம்" என்றார் அந்தப் பெண்.

விரல்கள் பிழைத்தன. பனிக்கடியின் முதல் கட்டம்தான், தோலுக்கு அடியில் போகவில்லை என்று அன்று மாலை மருத்துவர் சொன்னார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால்? அதை நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவில் எனக்கு இது ஒன்பதாவது குளிர்காலம். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து, கோவையிலிருந்து, லண்டனில் இருக்கும் சித்தப்பா வீட்டிலிருந்து. "அண்ணா, இந்த கிறிஸ்துமஸ் லீவுக்கு லாப்லாந்து வர்றோம். சாண்டா கிளாஸ், இக்ளூ, அரோரா, எல்லாம் பாத்துடணும். அத்தையையும் கூட்டிட்டு வர்றோம், குட்டிப்பாப்பாவும் வர்றா." போன வாரமும் ஒரு போன். அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் படியுங்கள். கட்டிவிட்டவர்கள் இன்னும் கவனமாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே குளிர் எல்லாரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. நடக்கிறவரை, தள்ளுகிறவரை, பனியை வாரிப்போடுகிறவரை அது அவ்வளவு சீக்கிரம் நெருங்காது. அசையாமல் உட்கார்ந்திருக்கிறவரைத்தான் பிடிக்கும். நம் குடும்பங்களில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? குழந்தையும் பாட்டியும்.

இப்போது அந்தச் சுற்றுலா விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். ஹஸ்கி வண்டியில் அப்பா பின்னால் நின்று ஓட்டுவார், மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார், அவருக்கு வியர்க்கும். குழந்தை முன்னால் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும். பனிமான் வண்டியிலும் உட்கார்ந்துதான் போக வேண்டும். ஸ்னோமொபைலை அப்பா ஓட்டினால், பிள்ளைகள் வழிகாட்டியின் வண்டிக்குப் பின்னால் கட்டிய சறுக்குப் பெட்டியில் உட்கார்ந்து வருவார்கள். இரவு வானில் தெரியும் அரோரா ஒளியைப் பார்க்கப் போவதென்றால், உறைந்த ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது. படத்தில் அழகாக இருக்கும் ஒவ்வொன்றும் சின்னப் பிள்ளையை அசையாமல் வைத்திருக்கிற வேலை. அப்பாவுக்குக் குளிரவில்லை என்பதால் பிள்ளைக்கும் குளிராது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். இந்த நாட்டிலேயே வாழ்கிற நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காற்றைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் மோசம். மைனஸ் 27-ல் நாய்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால், முகத்தோலுக்கு அது மைனஸ் 38 போல இருக்கும். மைனஸ் 20 என்று நிம்மதியாகக் கிளம்பி, ஸ்னோமொபைலில் 40 கிலோமீட்டர் வேகம் பிடித்தால் மைனஸ் 34. இந்த அளவில், மூடாத தோலில் 10 முதல் 30 நிமிடத்துக்குள் பனிக்கடி வந்துவிடலாம். லாப்லாந்தில் மைனஸ் 27 அபூர்வமும் இல்லை. 1999 ஜனவரி 28 அன்று கிட்டிலா பகுதியில் உள்ள பொக்காவில் மைனஸ் 51.5 பதிவானது. அதுதான் பின்லாந்தின் சாதனைக் குளிர். அது பழைய கதை என்று ஒதுக்காதீர்கள். 2024 ஜனவரி 5 அன்று எனொன்டெகியோவில் மைனஸ் 44.3. பள்ளி விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக் குடும்பங்கள் ஊரில் இருக்கிற நேரம் அது.

"நாங்க மணாலி பாத்திருக்கோம், சுவிஸ் போயிருக்கோம்" என்று ஒரு மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். பகலில் வெயில் அடிக்கும் மைனஸ் 5-ம், சூரியனே எட்டிப்பார்க்காத மைனஸ் 30-ம் ஒன்றல்ல. மைனஸ் 30-ல் மூக்குமுடி உறைந்து குத்தும். கண் இமை ஒட்டும். போன் பேட்டரி 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். வழி தெரியாத இடத்தில், இருட்டில், குழந்தையோடு நிற்கும்போது போன் அணைவதை நினைத்துப் பாருங்கள். போனை வெளிப் பாக்கெட்டில் வைக்காதீர்கள், உள்சட்டைப் பக்கம் உடம்போடு வையுங்கள். பின்லாந்தின் அவசர எண் 112. 112 சுவோமி என்ற செயலியை இறங்கியதும் போட்டுக்கொள்ளுங்கள். அதன் வழியாக அழைத்தால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, என் தங்கை மகளுக்கு எங்கே தப்பு நடந்தது? சுற்றுலா நடத்துபவர்கள் கொடுத்த மேலங்கி நல்ல தடிமன், பூட்ஸும் நல்ல பூட்ஸ். தப்பு உள்ளே இருந்தது. பருத்தி லெகிங்ஸ், பருத்தி சாக்ஸ். வண்டியில் ஏறுவதற்கு முன் அரை மணி நேரம் பிள்ளை பனியில் ஓடி விளையாடினாள். வியர்த்தது. பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டது. நம் ஊர் வெயிலுக்கு அது வரம். அங்கே அதுவே ஈரத்துணியைச் சுற்றிக் குளிரில் உட்காரவைத்த மாதிரி. போதாததற்கு, "ரெண்டு சாக்ஸ் போட்டா கதகதப்பா இருக்கும்" என்று என் தங்கை பாசத்தோடு மாட்டிவிட்ட இரண்டாவது சாக்ஸ் பூட்ஸுக்குள் காலை நெரித்துவிட்டது. விரலுக்கு ரத்தம் ஓட வழியில்லை. சூட்டைப் பிடித்துவைக்கும் காற்று இடைவெளியும் போயிற்று. விரலை ஆட்ட முடியாத பூட்ஸ் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் ஆபத்துதான்.

உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ நல்ல செயற்கை இழை தெர்மலோ இருக்க வேண்டும். அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத அங்கி. ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியன் வேண்டாம். விரல் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகப் போகும் பை போன்ற கையுறைதான் குழந்தைக்கு நல்லது. ஓடி விளையாடிய பிள்ளையை வண்டியில் ஏற்றுவதற்கு முன் சாக்ஸை மாற்றுங்கள். மாற்றுச் சாக்ஸ் உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும், ஹோட்டல் பெட்டியில் இருந்து பிரயோஜனம் இல்லை. சுற்றுலாக்காரர்கள் கொடுக்கும் அங்கி சின்னப் பிள்ளைகளின் அளவில் இருக்குமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். ஒரு வயது, இரண்டு வயதுக்கு எல்லா இடத்திலும் கிடைக்காது.

பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். நாய்களைப் பார்க்கிற சந்தோஷத்தில் இல்லை என்றுதான் சொல்லும். இங்குள்ள தாய்மார்கள் கையுறையைக் கழற்றி, குழந்தையின் பிடரியில் கழுத்துத் துணிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்ப்பார்கள். பிடரி சூடாக இருந்தால் சரி, குளிர்ந்திருந்தால் உடனே உள்ளே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெளிறிய திட்டு தெரிந்தால் வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடுங்கள். தேய்க்கக் கூடாது. தைலம் கூடாது. பனியை வைத்துத் தேய்க்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மரத்துப்போன தோலைத் தீயருகே கொண்டுபோனால் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். உள்ளே போன பிறகு, உடம்புச் சூட்டு அளவான வெதுவெதுப்பான தண்ணீர்தான் வைத்தியம். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று நடுங்குவதை நிறுத்தி, தூக்கக் கலக்கமாகி, வாய் குழறினால் "தூங்கிட்டா, நல்லது" என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பின் உள்சூடே இறங்குகிறது. 112-ஐ அழையுங்கள்.

இங்கே ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அந்த ஊர்க்காரங்க கைக்குழந்தையை வெளியே தூங்கவைக்கிறாங்களே?" உண்மைதான், நானே தினமும் பார்க்கிறேன். ஆனால் எப்படி? கம்பளி உடுப்புக்குள், தடித்த உறைப்பைக்குள், காற்றுப் படாத தள்ளுவண்டிக்குள், வீட்டு வாசலிலேயே. அதுவும் மைனஸ் 10 அளவில் நிறுத்திக்கொள்வார்கள். மைனஸ் 25-ல் ஓடும் சறுக்குவண்டியில் கைக்குழந்தையை உட்காரவைக்கும் பின்லாந்துத் தாயை நான் பார்த்ததில்லை. என் கருத்தைக் கேட்டால், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை டிசம்பர், ஜனவரியில் லாப்லாந்துக்குக் கூட்டி வராதீர்கள். குழந்தைக்கு அந்தப் பயணம் ஞாபகமும் இருக்கப்போவதில்லை.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் அறுபது தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாதவரை எண்ணிவிடலாம். அந்தப் பயணத்தில் என் அம்மா இன்சுலின் பேனாவை வழக்கம்போலக் கைப்பையில் வைத்திருந்தார். பிள்ளையின் காலைப் பார்த்த களேபரத்தில் யாரும் பையை நினைக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் எடுத்துப் பார்த்தால் உள்ளே மருந்து உறைந்து கிடந்தது. "உருகட்டும், போட்டுக்கறேன்" என்றார். கூடாது! ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் வீண்; பார்க்கத் தெளிவாக இருக்கும், வேலை செய்யாது. மருந்துக்கடைக்குப் போனால் நம் ஊர் மருத்துவர் எழுதிய சீட்டு அங்கே செல்லாது. இங்கே ஒரு மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கிடைத்தது. ரோவனியெமி என்பதால் மருத்துவர் கிடைத்தார். இன்னும் வடக்கே இவாலோ, இனாரி பக்கம் தங்கியிருந்தால் பெரிய மருத்துவமனைக்குச் சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே அதே ரோவனியெமிக்குத்தான் வந்தாக வேண்டும்.

இன்சுலினை உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள். விமானத்திலும் கைப்பெட்டியில்தான், சரக்கில் போடக் கூடாது. இரண்டு மடங்கு எடுத்துச் செல்லுங்கள், பாதியை இன்னொருவர் வைத்திருக்கட்டும். சர்க்கரை அளக்கும் கருவி கடுங்குளிரில் வேலை செய்யாது, அல்லது தப்பாகக் காட்டும். அறைக்குள் வந்து கருவி சூடான பிறகு பாருங்கள். இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போனவர்களுக்கு. என் தங்கை மகளுக்காவது "கால் இல்ல" என்று சொல்லத் தெரிந்தது. ஏற்கெனவே உணர்ச்சி குறைந்த பாதத்தில் விரல் உறைவது அந்தப் பெரியவருக்கே தெரியாது. அறைக்கு வந்து செருப்பு மாற்றும்போதுதான் கண்ணில் படும்.

இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும். வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழலை இறுக்கும். பனிக்குள்ளிருந்து நேராகச் சானா என்ற கொதிக்கும் வெப்ப அறைக்குள் போவது, அங்கிருந்து பனியில் குதிப்பது எல்லாம் சின்ன வயதிலிருந்து பழகியவர்களுக்கு. பார்த்து ஆசைப்பட்டு நம் பெரியவர்களை இறக்காதீர்கள்.

எந்தச் சுற்றுலாக் குறிப்பிலும் நான் பார்க்காத ஒன்று, நகை. உலோகம் உடம்புச் சூட்டை உறிஞ்சி வெளியே விடும். காதுமடலில் கம்மல், மூக்கில் மூக்குத்தி, கால்விரலில் மெட்டி எல்லாம் குளிர் முதலில் பிடிக்கும் இடங்களிலேயே இருக்கின்றன. விரல் வீங்கினால் மெட்டி இறுக்கவும் செய்யும். மெட்டியைக் கழற்றுவது நம் பெண்களுக்கு மனசுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் முதலில் மாட்டேன் என்றார். வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலி உடைக்குள் தோலோடு இருப்பதால் பயமில்லை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் காயாமல் வெளியே போகாதீர்கள். முடி நிமிடத்தில் குச்சியாகிவிடும். முகத்தில் எண்ணெயோ கிரீமோ தடவினால் குளிர் தாக்காது என்பதையும் நம்பாதீர்கள். துணியால் மூடுவதுதான் காவல்.

இருட்டைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. டிசம்பர் 20-ஐ ஒட்டி ரோவனியெமியில் சூரியன் 11 மணிக்கு மேல் எழுந்து, ஒன்றரைக்கு முன் விழுந்துவிடும். வடக்கே இவாலோவில் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி 10 வாக்கில் வரை சூரியன் எழுவதே இல்லை. அந்தக் காலத்தைக் காமோஸ் என்பார்கள். நார்வேயின் டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை அப்படித்தான். ஒரு நாள் இரண்டு நாள் அது நீலமும் ரோஜாவுமாக அழகாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் பிள்ளைகள் மதியம் மூன்று மணிக்குத் தூங்க அழும், ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருக்கும். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு நேர வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும்.

டிசம்பர் தொடக்கத்தில் பனி இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2018 குளிர்காலத் தொடக்கத்தில் ரோவனியெமியில் பனியே சரியாக விழாமல், பிரிட்டனிலிருந்து வர இருந்த பல குடும்பங்களின் பயணங்கள் ரத்தாயின.

அடுத்தது அரோரா. "அரோரா கேரண்டி" என்று எவராவது விளம்பரம் போட்டால் அந்த இடத்திலேயே ஒதுங்கிவிடுங்கள். சூரியனிலிருந்து துகள்கள் வர வேண்டும், வானம் இருட்டாக இருக்க வேண்டும், மேகம் விலக வேண்டும். மூன்றும் எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை. நவம்பர், டிசம்பரில்தான் அங்கே மேகம் அதிகம். படுத்தபடியே வானம் பார்க்கும் கண்ணாடிக் குடிலில் ஒரு ராத்திரிக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டிவிட்டு, சாம்பல் நிற மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எனக்கே நான்கு குடும்பம் தெரியும். "தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? பணம் திரும்ப வருமா, மறுநாள் இலவசமாகக் கூட்டிப்போவீர்களா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையிலான பிள்ளைக்கு 45 யூரோ. விசா மறுத்தால் திரும்பி வராது. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், வழக்கமாகப் பதினைந்து நாள் ஆகும், சில சமயம் நாற்பத்தைந்து நாள் வரை இழுக்கலாம். நேர்காணல் தேதியே கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு. விசா வராத நிலையில் "திரும்பத் தரமாட்டோம்" வகை ஹோட்டலுக்கு முழுப் பணம் கட்டாதீர்கள். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை மலிவு பார்த்து எடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பாலிசித் தாளில் ஸ்னோமொபைல், பனிச்சறுக்கு, ஹஸ்கி ஓட்டுவது உள்ளதா என்று வரி வரியாகப் படியுங்கள். "சாகச விளையாட்டு நீங்கலாக" என்று ஒரு வரி பல பாலிசிகளில் இருக்கும். ஸ்னோமொபைலை மரத்தில் மோதினால் வண்டிச் சேதத்துக்கு உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.

பெட்டியில் நெய், பால்கோவா, பால் பவுடர் போட்ட இனிப்பு எடுத்து வராதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பைக்கூடக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். பனிமான் இறைச்சி அங்கே அன்றாடச் சாப்பாடு.

கார் ஓட்டுவது பற்றி என் தீர்ப்பு கறாரானது: பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர் குடும்பத்தை வைத்துக்கொண்டு அங்கே ஓட்டக் கூடாது. நம் ஊரில் இருபது வருடம் லாரிக்கு நடுவில் ஓட்டியிருக்கலாம், அந்த அனுபவம் இங்கே கைகொடுக்காது. ஈரம்போல் தெரிகிற தார்ச்சாலை கண்ணாடிப் பனியாக இருக்கும். பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காது, திரும்பும். பனிமான்கள் கூட்டமாகச் சாலையில் வந்து நிற்கும். பின்லாந்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பனிமான்கள் வண்டியில் அடிபடுகின்றன. எல்க் என்ற பெரிய மான் குறுக்கே வந்தால் அதன் கால்தான் வண்டியில் இடிக்கும், உடல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். ஹெல்சிங்கியிலிருந்து ரோவனியெமிக்கு இரவு ரயில் இருக்கிறது, படுத்துத் தூங்கியே போகலாம். ஊருக்கும் சாண்டா கிளாஸ் கிராமத்துக்கும் சுமார் 8 கிலோமீட்டர், டவுன் பஸ் ஓடுகிறது. அப்படியும் கார் எடுத்து, வழியில் பள்ளத்தில் இறங்கிவிட்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். வண்டிக்குள்ளேயே இருந்து 112-ஐ அழையுங்கள்.

உறைந்த ஆறு, ஏரி எல்லாம் மைதானம்போல் தெரியும். ஒருவர் நடக்கவே குறைந்தது 5 சென்டிமீட்டர் கெட்டிப் பனிக்கட்டி வேண்டும், ஸ்னோமொபைலுக்கு 15. மேலே பனி மூடியிருந்தால் அடியில் எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. பாலத்தடியிலும் ஆறு சேருமிடத்திலும் நீரோட்டம் அரித்து மெலிந்திருக்கும். ரோவனியெமி இரண்டு ஆறுகள் சேரும் ஊர். வழிகாட்டி இல்லாமல் பிள்ளைகளை அதில் இறக்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வரவே வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. எனக்கு லாப்லாந்து பிடிக்கும். பனி விழுந்து அடங்கிய காட்டில் நிற்கும்போது கிடைக்கிற அமைதியை என் மக்களும் ஒருமுறை அனுபவிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: கிறிஸ்துமஸை விடுங்கள், மார்ச்சில் வாருங்கள். பனி மிகத் தடிமனாகக் கிடப்பது அப்போதுதான். குளிர் ஜனவரியில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். வானம் டிசம்பரைவிடத் தெளிவு, ராத்திரி அரோராவுக்குத் தேவையான இருட்டும் உண்டு. ஹஸ்கி அதே ஹஸ்கி, பனிமான் அதே பனிமான், சாண்டா கிளாஸ் வருடம் முழுக்க அந்தக் கிராமத்திலேயே இருக்கிறார். அவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை, படத்துக்குத்தான் காசு. கூட்டமும் விலையும் டிசம்பர் உச்சத்தைவிடக் குறையும். பள்ளியில் பரீட்சை நேரம் என்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு சொல்லலாம், பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் பரீட்சை முடிந்து மார்ச் கடைசியில் வரலாம். அப்போதும் பனி இருக்கும்.

என் தங்கை குடும்பம் அடுத்த வருடம் மார்ச்சில் மறுபடி வந்தது. அதே பிள்ளை, ஒரே ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், உள்ளே விரலை ஆட்டும் அளவுக்குப் பெரிய பூட்ஸ். பகல் முழுக்க வெயிலில் சறுக்கி விளையாடினாள்.

டிசம்பர் 20 அன்று ரோவனியெமியில் பகல் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மார்ச் 20 அன்று பன்னிரண்டு மணி நேரம்.